ஒரு முழம் தபால்தலை

"பூ வாங்கிட்டு வரச் சொன்னா, பூவோட படத்த வாங்கிட்டு வந்திருக்காரு." 2008இல் என் மனைவி பக்கத்து வீட்டம்மாவிடம் வைத்த புகார் இது. தப்பு என்னுடையதுதான். அந்த ஏப்ரலில் அஞ்சல் துறை மல்லிகை மணக்கும் தபால்தலைகள் இரண்டை வெளியிட்டிருந்தது. 5 ரூபாயில் ஒன்று, 15 ரூபாயில் ஒன்று. இரண்டையும் வாங்கி, திண்டிவனத்து வீட்டுக்கு வந்து, லேசாகத் தேய்த்து அவள் மூக்கருகே நீட்டினேன். "ஊதுவத்தி டப்பா மாதிரி இருக்கு" என்றாள். அன்றைக்கு ரசத்தில் உப்பில்லை.

இந்த நோய் விழுப்புரத்தில் பள்ளிக்கூடம் போன நாளில் தொற்றியது. 1977 ஜூலையில் நான்கு மலர்த் தபால்தலைகள் வந்தன. தாமரை 25 பைசா, ரோடோடென்ட்ரான் 50 பைசா, கடம்பு 1 ரூபாய், செங்காந்தள் 2 ரூபாய். நம் மாநில மலருக்குத்தான் உச்ச விலை. எங்கள் தெரு வக்கீலுக்கு வந்த கனத்த ரிஜிஸ்டர் உறை ஒன்றில் அந்தக் காந்தள் இருந்தது. குமாஸ்தாவை ஒரு வாரம் கெஞ்சி உறையை வாங்கினேன். தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்க வேண்டும் என்று அப்போது யார் சொன்னார்கள்? நகத்தால் சுரண்டினேன். ஓர் இதழ் உறையோடு நின்றுவிட்டது. மிச்சத்தை ஆயாவிடம் காட்டினால், "கண்வலிக் கிழங்குப் பூவாடா? விஷம்டா அது!" என்று கிணற்றடிக்கு இழுத்துப்போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவவைத்தாள். கிழங்கு விஷம் என்பது உண்மைதான். தபால்தலைக்கும் அது பொருந்தும் என்பது ஆயாவின் கண்டுபிடிப்பு.

வயதான பிறகு ஆசை பெரிதாகி, ஐந்திணை ஆல்பம் ஒன்று தொடங்கினேன். குறிஞ்சிக்குக் கவலையில்லை. 2006இல் நீலக்குறிஞ்சி பூத்தபோதே 15 ரூபாய்த் தலையும் வந்துவிட்டது. அது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். நான் கேட்ட கவுண்டரில் "அடுத்த வாரம் வாங்க" என்பது வாராவாரம் பூத்தது. மருதத்துக்கு அந்த 25 பைசாத் தாமரை. முல்லைப் பக்கத்தில் மேற்படி மல்லிகையை ஒட்டப் போனபோது, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கையைப் பிடித்துவிட்டார். "மல்லி வேற, முல்லை வேற தம்பி. தொல்காப்பியர் மன்னிக்கமாட்டார்." அந்தப் பக்கம் காலி. மரக்காணம் உப்பளம் வரை போய்வந்தும் நெய்தல் பக்கமும் காலி. பாலைக்கு மட்டும், மே மாத மத்தியானம் ஒன்றில் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் கொடுத்த ரசீதை ஒட்டிவைத்திருக்கிறேன். அந்தத் திணைக்கு அதைவிடப் பொருத்தமான சான்று கிடையாது. பிரிவுத் துயரமும் அதில் உண்டு, பணத்தைப் பிரிந்த துயரம்.

எனக்கு உள்ளபடியே கோபம் ஒரு மரத்துக்காகத்தான். திந்திரிணி என்றால் புளி. புளியங்காடாக இருந்ததால் திந்திரிணிவனம், அதுவே திண்டிவனம் என்பார்கள். ஊர்ப் பெயரைச் சுருக்கி 'டி.எம்.வி.' என்று நிலக்கடலை ரகங்களுக்கு வைத்தார்கள். பக்கத்து ஓமந்தூரில் பிறந்த முதலமைச்சர் ராமசாமி ரெட்டியாருக்குத் தபால்தலை வந்தது. ஊருக்கே பெயர் கொடுத்த புளி மட்டும் என் ஆல்பத்தில் இல்லை. அந்தப் பூவைக் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? வெளிர் மஞ்சள் இதழில் சிவப்பு நரம்போடும். தபால்தலை அளவுதான் இருக்கும். வரைகிறவருக்குச் சிறிதாக்கும் வேலைகூட இல்லை.

அது வரும்போது வரட்டும். உங்கள் வீட்டுப் பரணில் 1977, 78ஆம் வருஷத்து ரிஜிஸ்டர் உறை ஏதாவது கிடந்தால், தயவுசெய்து தலையைப் பிய்க்காதீர்கள். சுற்றிலும் அரை அங்குலம் விட்டுக் கத்தரித்து வையுங்கள். எனக்கு இன்னும் ஓர் இதழ் பாக்கி இருக்கிறது.