உறங்க வைக்கிறவரின் விலை

லாக்கூர்நேவ்,
பாரிஸ் புறநகர்.

அன்புள்ள அக்காவுக்கு,

சேசு மரி துணை. நான் சுகம், ஹேர்ணியாவும் சுகமாக அதன் இடத்திலேயே இருக்கிறது. என் ஒப்பரேசனுக்காக நீங்கள் மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்துவிட்டதாக அத்தான் ரெலிபோனில் சொன்னார். நேர்த்தியோடு இன்னொரு விண்ணப்பத்தையும் சேர்த்து வைத்திருக்கலாம்: என்னை மயக்குகிற டொக்டர் செக்தர் ஒன்றாக இருக்கவேணும் என்று. மாதாவுக்கு விளங்கும். உங்களுக்கு நான் விளங்கப்படுத்துகிறேன்.

இங்கே எல்லாரிடமும் பச்சை நிறத்தில் ஒரு காப்புறுதிக் காட் இருக்கும். கார்த் வித்தால் என்பார்கள். டொக்டரின் ஒவ்வொரு வேலைக்கும் அரசாங்கக் காப்புறுதி ஒரு விலை எழுதி வைத்திருக்கிறது. டொக்டரிடம் போனால் அந்த விலையில் 70 வீதத்தை அரசாங்கம் தரும், தரும்போது இரண்டு யூரோவைத் தனக்கென்று கழித்துக்கொள்ளும். மிச்சத்தை மியூத்துவல் என்கிற தனிக் காப்புறுதி பார்க்கும். 2016 தொடக்கம் முதலாளிமார் வேலையாட்களுக்கு அதை எடுத்துக் கொடுக்கவேணும், பாதிக் காசாவது அவர்கள் போடவேணும் என்று சட்டம். இதுவரைக்கும் சொர்க்கம்.

செக்தர் ஒன்று டொக்டர்மார் எழுதின விலைக்கு மேல் ஒரு சதமும் கேட்கமாட்டார்கள். செக்தர் ரெண்டுக்காரர் தன் விலையைத் தானே வைப்பார். 1980 இல் வந்த ஏற்பாடு இது. மேலதிகமாகக் கேட்பதை 'பண்போடும் அளவோடும்' கேட்கவேணும் என்று விதியில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். எங்கள் பேசாலைக் கரையில் பாரைமீனுக்கு விலை சொல்லுகிற பெண்டுகளுக்கும் இப்படி ஒரு விதி போட்டுப் பார்க்கலாம். பண்போடு கேட்பார்கள், அளவைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம்.

மேலதிகத்தை மியூத்துவல் தராதா என்று கேட்பீர்கள். என்னோடு றெஸ்ரோறண்டில் நிற்கிற வல்வெட்டித்துறைப் பொடியனும் அப்படித்தான் துள்ளினான். "அண்ணை, உங்கட பேப்பரில நூறு வீதம் எண்டு போட்டிருக்கு, பிறகென்ன பயம்?" அக்கா, அந்த நூறு வீதம் டொக்டர் கேட்கிற காசில் நூறு வீதம் இல்லை, அரசாங்கம் எழுதி வைத்த விலையில் நூறு வீதம். அவனுடைய பேப்பரில் இருநூறு வீதம். ஒப்பரேசன் செய்தால் கையில் லாபமும் வரும் என்று இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறான். நான் கலைக்கவில்லை.

லாச்சப்பல் கடைகளில் விசாரித்து, சொந்தக்காரருக்கெல்லாம் ரெலிபோன் எடுத்து, செக்தர் ஒன்றில் ஒரு சத்திரசிகிச்சை டொக்டரைப் பிடித்துவிட்டேன். தனியார் கிளினிக். நல்ல மனுசன், வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அன்றைக்கு ஆட்டிறைச்சி வாங்கிச் சமைத்தோம். பிறகு கிளினிக்கிலிருந்து ஒரு கடதாசி வந்தது. மயக்க மருந்து டொக்டரின் கட்டணம் தனியாம். 70 யூரோவும் அதற்கு மேலும் போனால் முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்கவேணும் என்பது இங்கத்தைய சட்டம், அதைச் சரியாகச் செய்திருந்தார்கள். ஒப்பரேசன் செய்கிறவருக்கு அரசாங்க விலை, உறங்க வைக்கிறவருக்கு அவர் சொன்ன விலை. ஊரில் இருந்த காலத்தில் பகலிலும் நான் சும்மா நித்திரை கொள்கிறேன் என்று அப்பா ஏசுவார். அந்த நித்திரையின் பெறுமதி அவருக்குத் தெரியாமல் போய்விட்டது.

கிளினிக்கிற்கே போய், செக்தர் ஒன்றில் மயக்க டொக்டர் ஆரும் உண்டா என்று கேட்டேன். மேசையில் இருந்த பிள்ளை என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "மிஸ்யூ, நீங்கள் தெரிவு செய்ய ஏலாது. அண்டைக்கு ஆருடைய முறையோ அவர்." முன்னம் வந்து ஒரு மயக்க டொக்டரைச் சந்திக்கவேணுமாம், ஆனால் அவரே வந்து மயக்குவார் என்று சொல்ல ஏலாதாம். பொம்பிளை பார்க்கப் போகிற இடத்தில் ஒருத்தியையும் கோயிலில் இன்னொருத்தியையும் காட்டினால் பேசாலையில் என்ன நடக்கும்?

வருமானம் குறைந்த ஆட்களுக்கு இங்கே வேறொரு காப்புறுதி உண்டு. அதை வைத்திருப்பவரிடம் செக்தர் ரெண்டுக்காரரும் மேலதிகம் கேட்க ஏலாது. நான் உழைப்பது அந்த எல்லைக்குச் சற்று மேலே. பணக்காரன் என்று என்னை முதன்முதலில் ஒத்துக்கொண்டது பிரெஞ்சு அரசாங்கம்தான், இதை ஊரில் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

வல்வெட்டித்துறையான் இன்னொரு வழியும் சொன்னான். ரெண்டு கிளாஸ் விஸ்கி, நாலு பேர் பிடிக்க, கண்ணை மூடிக்கொண்டு படு என்று. 1846 ஒக்ரோபரில் பொஸ்ரனில் ஈதரை மணக்கக் கொடுத்துக் கட்டியை வெட்டிக் காட்டும் வரைக்கும் உலகம் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது.

கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீங்கள் படத்தில் பார்த்த கார் து நோர் ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் இருக்கிற லாரிபுவாசியேர் மாதிரி, பாரிசில் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகள் கனக்க உண்டு. அங்கே பொதுப் பிரிவில் போனால் ஒருவரும் மேலதிகம் கேட்கமாட்டார்கள். காசுக்குப் பதிலாகப் பொறுமையைக் கொடுக்கவேணும். திகதி மாரிக்குப் போய்விட்டது. அதுவரை வெங்காய மூட்டை தூக்கக்கூடாது என்று முதலாளிக்கும் ஒரு கடதாசி தந்தார்கள், அதற்கு மேலதிகம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

மயக்க டொக்டரைச் சில நாட்களுக்கு முன்னமே சந்திக்கவேணும் என்று 1994 இலிருந்து சட்டம். வந்தவர் ஒரு பெண் டொக்டர். வாயைத் திற, நாக்கை நீட்டு என்றார். தொண்டைக்குள் குழாய் சுகமாகப் போகுமா என்று கணிக்கிற சோதனையாம் அது, மல்லம்பட்டி என்று பெயர். ஆந்திராவில் பிறந்து பொஸ்ரனில் வேலை செய்த மல்லம்பட்டி என்ற டொக்டர் 1985 இல் எழுதி வைத்தது. உலகம் முழுக்க நோயாளிகள் ஒரு தெலுங்கருக்கு நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். பிறகு ஆடுகிற பல் உண்டா, குறட்டை விடுவீர்களா என்றெல்லாம் கேட்டார். குறட்டைக்கு என் மனுசி பதில் சொன்னாள், விரிவாக.

நீங்கள் பயப்படுவீர்கள் என்று ஒரு கணக்கும் எழுதுகிறேன். 1980 வாக்கில் பிரான்சில் மயக்க மருந்தாலேயே சாகிறவர்கள் ஏறத்தாழ 13,000 பேருக்கு ஒருவர். 1999 இல் எடுத்த கணக்கில் ஏறத்தாழ 1,45,000 பேருக்கு ஒருவர். செக்தர் ரெண்டுக்காரர் விலை கூட்டுவதைக் குறை சொன்னாலும் இதைக் குறை சொல்ல ஏலாது.

ஊரில் அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கேட்பதில்லை. அங்கே கேள்வி, மயக்க டொக்டர் நிற்கிறாரா என்பதுதான். இல்லையென்றால் அம்புலன்ஸ், வவுனியாவுக்கு, அல்லது சங்குப்பிட்டிப் பாலத்தால் யாழ்ப்பாணத்துக்கு. 2022 க்குப் பிறகு எத்தனை டொக்டர்மார் வெளிநாடு போய்விட்டார்கள். நானும் வந்த ஆள், அவர்களை ஏச எனக்கு வாய் இல்லை.

இப்போது அவசரமான விசயம். குடும்பத்தில் ஆருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று டொக்டர் கேட்டார். சில குடும்பங்களில் அந்த மருந்துக்கு உடம்புச் சூடு பயங்கரமாக ஏறுமாம், வழிவழியாக வருகிற குணமாம். அம்மாவின் பித்தப்பை ஒப்பரேசன் அன்று ஏதோ நடந்ததென்று பெரியம்மா சொல்வது நினைவிருக்கிறது. காய்ச்சலா, அல்லது மயக்கம் தெளிகிற நேரத்தில் அப்பாவை ஏசியதுதானா? ஏசியது மட்டும் என்றால் அது பரம்பரைதான், ஆனால் டொக்டருக்குத் தேவையில்லை. பெரியம்மாவிடம் வடிவாக விசாரித்து உடனே எழுதுங்கள். டொக்டர் தந்த படிவத்தில் ஒரு கட்டம் இன்னும் நிரப்பாமல் கிடக்கிறது.

அன்புத் தம்பி.