ஐந்து வாட்டுக்கு ஒரு கிலோ இரும்பு

எங்கள் ஏரியாவில் மோட்டார் காயில் கட்டும் கடைக்காரருக்கு என் பெயர் தெரியாது. அவரவர் கொண்டுவரும் சாமானை வைத்துத்தான் ஆட்களை ஞாபகம் வைத்துக்கொள்வார். கிரைண்டர் அக்கா, போர்வெல் வாத்தியார், டேபிள் ஃபேன் தாத்தா. அந்த வரிசையில் நான் வால்வு சார். முதல் நாள் போய், "வால்வுக்கு ஒரு டிரான்ஸ்பார்மர் கட்டணும்ணே" என்றபோது, தலையை நிமிர்த்தாமலே "குழாய் சாமானெல்லாம் எதிர்க்கடை சார்" என்று கை காட்டினார்.

நான் சொன்னது கண்ணாடி வால்வு. ஸ்விட்சைப் போட்டதும் அரை நிமிடம் யோசித்துவிட்டுப் பாடுமே பழைய ரேடியோ, அதற்குள் தணல் மாதிரி தெரிவது. கூட வேலை பார்த்தவர்கள் ஓய்வு பெற்றதும் மாடித் தோட்டம் போட்டார்கள். நான் இஎல்84-ஐப் பிடித்துக்கொண்டேன். பக்கத்துக்கு ஒரு வால்வு வீதம் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர். ஒவ்வொன்றும் ஐந்து வாட் தரும், அதிலும் கடைசி ஒன்றிரண்டு வாட் தொண்டை கட்டிக்கொண்டுதான் வரும். இந்தச் சத்தத்துக்கு இவ்வளவு பாடா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

ரிச்சி தெருவில் ரெசிஸ்டர், கண்டென்சர், பீங்கான் சாக்கெட் எல்லாம் ஒரே காலையில் கிடைத்துவிட்டன. வால்வுகூட, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் செய்தது, அட்டைப்பெட்டி கலையாமல் வந்து சேர்ந்தது. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் என்றதும்தான், பலசரக்குக் கடையில் ரயில் டிக்கெட் கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

அது என்ன செய்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் டவுன் பஸ்ஸைக் காட்டுவேன். வால்வு, பையில் ஐந்நூறு ரூபாய் நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஏறிய பயணி. வோல்ட் ஏராளம், ஆம்பியர் சொற்பம். ஸ்பீக்கரோ சில்லறை மட்டுமே வாங்குகிற கண்டக்டர். இரண்டு பேருக்கும் நடுவில் நோட்டை மாற்றித் தர ஒரு புண்ணியவான் வேண்டும். அவர்தான் இவர். மாற்று விகிதமும் கறாரானது. இஎல்84-க்கு 5,200 ஓம் சுமை வேண்டும், ஸ்பீக்கர் 8 ஓம். வகுத்தால் 650. சுற்றுகளின் விகிதம் இதன் வர்க்கமூலம், அதாவது இருபத்தைந்தரை.

இந்த எண்ணை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று ஒரு ராத்திரி முழுக்கப் புரண்டேன். விடியற்காலையில் எழுந்து 230-ஐ 9-ஆல் வகுத்தேன். 25.55. ஒன்பது வோல்ட் பேட்டரி எலிமினேட்டருக்குள் இருக்கிற சாதாரண டிரான்ஸ்பார்மர்! உலகமே தேடுகிற சரக்கு என் பரணில் கிடக்கிறது. பல் விளக்காமலே சால்டரிங் அயர்னைச் சூடாக்கினேன்.

பாட்டு வந்தது. வீணை வந்தது. தனி ஆவர்த்தனம் போட்டுப் பார்த்தேன். மிருதங்கத்தில் வலந்தலை மட்டும் கணீரென்று கேட்டது. தொப்பி ஊரிலேயே இல்லை. வித்வான் இடது கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு வாசித்த மாதிரி இருந்தது.

காரணம் பிறகு புரிந்தது. சுவரிலிருந்து வருவது போய்ப் போய்த் திரும்பும் மின்சாரம். அந்த டிரான்ஸ்பார்மர் அதற்காகவே பிறந்தது. ஒற்றை வால்வோ, பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், 48 மில்லி ஆம்பியரை ஒரே திசையில் இழுத்துக்கொண்டே இருக்கும். இரும்பின் காந்தக் கொள்ளளவை அதுவே நிரப்பிவிடுகிறது. பந்திக்கு முன்பே டிபனை ஒரு பிடி பிடித்துவிட்ட விருந்தாளி அது. சாப்பாடு வரும்போது இலையைப் பார்த்துச் சிரிப்பான், அவ்வளவுதான். இரண்டு வால்வை எதிரெதிராகப் போட்டு இழுக்கவிட்டால் இந்தத் தொல்லை ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஆனால் எனக்கு ஒற்றை வால்வுதான் வேண்டும். ஏன் என்று கேட்காதீர்கள், பதில் இல்லை.

அப்பாவின் பழைய ரேடியோவிலிருந்து ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். தீப்பெட்டி அளவு. அது 3 ஓம் ஸ்பீக்கருக்குக் கட்டியது. 8 ஓமை மாட்டினால் வால்வுக்கு 5,000 தெரிய வேண்டிய இடத்தில் 13,000 தெரிகிறது. கோயில் திருவிழாக் குழாய் ஸ்பீக்கருக்கு மாட்டுகிற நூறு வோல்ட் லைன் டிரான்ஸ்பார்மரில் 2 வாட் முனையை எடுத்தால் கணக்கு அழகாக 5,000 ஓம் வரும். அதற்கும் அந்த டிபன் வியாதி உண்டு. கனடாவின் ஹாமண்ட் கம்பெனி ஒற்றை வால்வுக்கென்றே செய்து விற்கிறது. இரும்புக்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இதற்கிடையில், 1947-இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் வில்லியம்சன் எழுதியதையும் படித்துத் தொலைத்தேன். பிரைமரி 100 ஹென்றிக்குக் குறையக் கூடாது என்கிறார் மனுஷர். பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். என் சின்ன வால்வு 40 சைக்கிள் வரை இறங்க 20 ஹென்றி போதும். நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்படித்தான் காயில் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். 36 கேஜ் கம்பியில் 2,500 சுற்று, 21 கேஜில் 100 சுற்று, ஒரு இஞ்ச் கோர் என்று சீட்டில் எழுதி நீட்டினேன். பார்த்துவிட்டு, "சாயங்காலம் வாங்க" என்றார். அதோடு விட்டிருக்கலாம். பாதியை, அதாவது 1,250-ஐச் சுற்றி நிறுத்தி, மேலே அந்த நூறைப் போட்டு, அதற்கும் மேலே மிச்சப் பாதியைச் சுற்றணும் என்றேன். மேல் ஸ்தாயி மங்காமல் இருக்க அது வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

"என்ன சார், அடுக்குமல்லியா கட்டுறோம்?"

அடுத்தது ஸ்டாம்பிங் விவகாரம். ஈ வடிவத் தகட்டையும் ஐ வடிவத் தகட்டையும் மாற்றி மாற்றி அடுக்குவதுதான் அவர் தொழில் தர்மம். நானோ ஈ எல்லாம் ஒரு பக்கம், ஐ எல்லாம் ஒரு பக்கம், நடுவில் ஒரு தாள் என்கிறேன். அந்த இடைவெளி இருந்தால்தான் இரும்புக்கு அஜீரணம் வராது.

"கத்தும் சார். என் பேரு கெட்டுப்போகும்."

"கத்தாதுண்ணே. 0.1 மில்லிமீட்டர் தாள். நானே கொண்டுவந்திருக்கேன்."

கொண்டுபோனது போன வருஷத்துத் தினசரி காலண்டர். நூறு தாளை அழுத்திப் பிடித்து ஸ்கேலில் அளந்தேன், 5 மில்லிமீட்டர். இரண்டு தாள் வைத்தால் கணக்கு சரி. முதல் தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இதுல சந்திராஷ்டமம்னு போட்டிருக்கு. வேற தேதி குடுங்க."

தேடி இரண்டு முகூர்த்த நாளைக் கிழித்துக் கொடுத்தேன். முகம் மலர்ந்தது. "நம்ம பொண்ணுக்கும் தை மாசம் வெச்சிருக்கேன் சார். பத்திரிகை வந்ததும் தரேன்" என்றார்.

முதல் டிரான்ஸ்பார்மர் ஏறக்குறைய ஒரு கிலோ. குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கிவந்து மாட்டினேன். தொப்பி வந்தது. நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. மூன்று நாள் ஒற்றை ஸ்பீக்கரில் அதையே கேட்டேன். வீட்டில் எனக்குக் காபி தனியாக அறைக்கு வந்தது.

இரண்டாவதற்கு, "நீங்க எதுக்கு சார் அலையறீங்க, தாளெல்லாம் நானே போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டார். இடையில் கல்யாண வேலை வந்து, சாமான் மாசி பிறந்துதான் கைக்கு வந்தது. அன்று அவர் முகம் சரியில்லை. பாக்கிச் சில்லறையை எண்ணாமல் வைத்தார்.

"கல்யாணத்துக்கு வரலியே சார்."

"பத்திரிகை தரலியேண்ணே."

"பேரெல்லாம் எழுதி உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சேனே!"

தந்ததாகவே அவர் ஞாபகம். தராததாக என் ஞாபகம். மேற்கொண்டு பேச இருவருக்கும் கூச்சமாக இருந்தது.

வலது பக்கத்தில் அதை மாட்டினேன். கத்தவில்லை. பாடியது. ஆனால் தொப்பி இடது ஸ்பீக்கரில் மட்டும் அடித்தது, வலதில் யாரோ மேசையைத் தட்டினார்கள். ஒயரை மாற்றினேன், வால்வை மாற்றினேன், ஸ்பீக்கரைத் தலைகீழாகக்கூட வைத்துப் பார்த்தேன். கடைசியில் நண்பரிடம் மீட்டர் இரவல் வாங்கி அளந்தால், இடது சுமார் 20 ஹென்றி, வலது 8.

கிளாம்பைக் கழற்றி, வார்னிஷைப் பேனாக்கத்தியால் கீறி, ஐ தகடுகளை மொத்தமாகப் பெயர்த்தேன். இடைவெளியில் காலண்டர் தாள் இல்லை. மூன்று மடங்கு தடிமனில், பொன்னிற ஓரம் போட்ட, நல்ல வழுவழுப்பான அட்டை. மூன்று இஞ்ச் நீளத்துக்கு அளவாக நறுக்கி வைத்திருந்தார். ஒரு மூலையில் மஞ்சள் தடவியிருந்தது. திருப்பிப் பார்த்தேன். பால்பாயின்ட் பேனாவில், அழுத்தி எழுதிய கொட்டை எழுத்தில்:

வால்வு சார் குடும்பத்தார்.