இல்லாத பாகம் எவ்வளவோ மேல்

'சில பாகங்கள் இல்லை, மற்றபடி வண்டி முழுசு. ஆர்வமுள்ளவர் ஒரு சனி ஞாயிறில் முடித்துவிடலாம்.' பிரிட்டனில் பழைய கிட் கார் விற்பவர்கள் அத்தனை பேரும் இதையேதான் எழுதுகிறார்கள். இந்த வாரம் வந்த விளம்பரமும் அச்சு மாறாமல் இதேதான். வைப்பர் மோட்டார் இல்லை, பெட்ரோல் டேங்க் மூடி இல்லை, ஹேண்ட்பிரேக் கேபிள் இல்லை, இடது கதவுக்குக் கண்ணாடி இல்லை என்று இல்லாததையெல்லாம் நாணயமாகப் பட்டியல் போட்டிருக்கிறார். நாமும் வழக்கம்போல அதை வைத்துக்கொண்டு கணக்குப் போட ஆரம்பித்துவிடுவோம்: மோட்டார் இவ்வளவு, மூடி இவ்வளவு, கேபிள் எங்கேயாவது கிடைக்கும். எனக்கு எரிச்சல் மூட்டுவது அந்த ஆளின் நாணயமல்ல. இருக்கிற பாகங்களுக்கு அவர் ஒரு பட்டியல் போடாததுதான். என் கட்சி இது: ஐம்பது வருஷத்துக் கிட் காரைச் சீர்செய்கிறவனை இல்லாத பாகம் ஒன்றும் செய்துவிடாது, இருக்கிற பாகம்தான் எமன். பாகம் இல்லாத இடத்தில் ஓட்டை இருக்கும். ஓட்டைக்கு அளவு எடுக்கலாம். யாரோ என்றோ ஒப்பேற்றி வைத்த பாகமோ, பெயின்ட்டும் பூசிக்கொண்டு, தானே சரியான பாகம் என்று நாம் நம்பும்வரை காத்திருக்கும்.

கிட் கார் என்ற சரக்கைப் பெற்றெடுத்தது வரி. முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு, பாகங்களாக வாங்கினால் கிடையாது என்று பிரிட்டிஷ் அரசு விட்டுவைத்திருந்த சந்தில் புகுந்து வந்தது அது. 1957ல் வந்த லோட்டஸ் செவனைப் பெட்டிகளாக வாங்கியவருக்குக் கணிசமான பணம் மிச்சம். வாங்கியவரே பூட்டிக்கொள்ள வேண்டும், எப்படிப் பூட்டுவது என்று கம்பெனி எழுதித் தரக்கூடாது, இதுதான் நிபந்தனை. லோட்டஸின் காலின் சாப்மன் அதற்கும் வழி கண்டார், காரைக் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து வாங்கியவரைக் கடைசி வரியிலிருந்து படித்துக்கொள்ளச் சொன்னார் என்பது அந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் கதை. 1973ல் மதிப்புக் கூட்டு வரி வந்து பழைய வரி ஒழிந்தது, கூடவே சலுகையும் ஒழிந்தது. பழக்கம் மட்டும் ஒழியவில்லை. நம் சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் தயாரானதே, அதே ட்ரயம்ஃப் ஹெரால்டு அங்கே துருப்பிடித்துக் கிடந்தால், அதற்குத் தனிச் சேசிஸ் இருந்த புண்ணியத்தால், பழைய பாடியைக் கழற்றி எறிந்துவிட்டு மேலே புதிதாக ஒன்றைக் கவிழ்த்தார்கள். ஸ்பார்ட்டனும் ஜென்ட்ரியும் அப்படிப் பிறந்தவைதான். பூட்டியவர்கள் வாடிக்கையாளர்கள்; ஒருவர் வங்கி குமாஸ்தா, ஒருவர் பல் டாக்டர். கையில் எது கிடைத்ததோ அதைப் பூட்டினார்கள்.

இதன் பலன் ஸ்பேர் கடைக் கவுன்டரில்தான் முழுதாகத் தெரியும். கவுன்டருக்குப் பின்னால் நிற்பவர் கேட்பது ஒரே கேள்வி: என்ன வண்டி, எந்த வருஷம்? கார் வைத்திருக்கும் மற்ற எல்லோரும் பதில் சொல்லக்கூடிய கேள்வி. கிட் கார்க்காரன் மட்டும், 'எந்தப் பக்கத்தைக் கேட்கிறீர்கள்?' என்பான். முன்பக்கம் ட்ரயம்ஃப். ட்ரயம்ஃபில் எது? ஸ்பிட்ஃபயராக இருக்கலாம், ஜிடி6 ஆகவும் இருக்கலாம். கேலிப்பர் 14ஆம் வகையா 16ஆம் வகையா என்று சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும், இடதில் அதுவும் வலதில் இதுவுமாக இருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. பின் ஆக்சில் ஃபோர்டு எஸ்கார்ட். எஞ்சினும் ஃபோர்டுதான், 1600 கிராஸ்ஃப்ளோ. ஆனால் கியர்பாக்ஸ் பின்னால் வந்த சியெராவின் ஐந்து கியர் பெட்டி. ஆகவே கிளட்ச் கேட்டால் கடைக்காரர் பாடு திண்டாட்டம்: கிளட்ச் தட்டின் பல் கியர்பாக்ஸுக்குப் பொருந்த வேண்டும், பிரஷர் பிளேட் எஞ்சினின் ஃப்ளைவீலுக்குப் பொருந்த வேண்டும், இரண்டும் சேர்ந்து எந்தக் காரின் பெயர் போட்ட அட்டைப் பெட்டியிலும் வந்ததில்லை. கதவுக் கைப்பிடி மோரிஸ் மரீனா. ஸ்பீடோமீட்டர் ஸ்மித்ஸ்; அதன் முகத்தில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும், ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்று. அந்த எண் எந்த ஆக்சிலுக்காக அச்சானதோ அந்த ஆக்சில் இந்த வண்டியில் இல்லை. ஆகவே முள் காட்டும் 70 மைல் அந்த முள்ளின் சொந்தக் கருத்து. ரேடியேட்டர் யாருடையது என்று அதைப் பெற்றவளுக்கே தெரியாது. அதற்குப் போகும் ஹோஸ் இரண்டு வேறு வண்டிகளுடையது. நடுவில் வீட்டுத் தண்ணீர்க் குழாயின் செம்புத் துண்டு ஒன்றைச் செருகி, இரு பக்கமும் கிளிப் போட்டு முறுக்கியிருப்பார்கள். அது ஒழுகினால் போக வேண்டியது மோட்டார் ஸ்பேர் கடைக்கா, பிளம்பிங் கடைக்கா? பிளம்பிங் கடைதான் உத்தமம். அங்கே என்ன வண்டி என்று கேட்க மாட்டார்கள். ஹீட்டரைப் பற்றி நான் பேசப் போவதில்லை, பேசினால் ரத்தக்கொதிப்பு ஏறுகிறது. ஹீட்டர் மினியுடையது. அதன் வால்வு வேறு எதனுடையதோ. திறந்த நிலையிலேயே இறுகிப்போய், ஜூலை மாதத்திலும் காலில் அனல் அடிக்கும், ஜனவரியில் மட்டும் என்ன காரணத்தாலோ அடிக்காது. அதை மாற்றலாம் என்று போனால் கவுன்டர், அங்கே அதே ஆள், அதே கேள்வி.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியது. மரை விஷயம் அப்படியல்ல. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகளில் முதலில் விட்வொர்த், பிறகு யுஎன்எஃப், அப்புறம் மெட்ரிக் என்று மூன்று ஆட்சி மாறியிருக்கிறது. கிட் காரில் மூன்றும் கூட்டணி ஆட்சி. 5/16 அங்குல போல்ட்டின் குறுக்களவு 7.94 மில்லிமீட்டர், மெட்ரிக்கில் எம்8 போல்ட் 8 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். யுஎன்எஃப் மரை அங்குலத்துக்கு 24 வரி, எம்8 ஏறக்குறைய 20. ஒன்றின் நட்டை மற்றதில் ஏற்றினால் இரண்டு சுற்றுப் போய்ப் பிடித்துக்கொள்ளும். முந்தின ஓனர் அதைத் தோதாக இறுகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் பலத்தைக் கொடுத்து, மரையை மழித்துவிட்டு, நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போயிருப்பார். சீட் பெல்ட்டைப் பூட்டும் போல்ட் 7/16 அங்குல யுஎன்எஃப். மெட்ரிக் யுகத்திலும் மாறாமல் நிற்பது அது. அந்த இடத்தில் 10 மில்லிமீட்டர் போல்ட்டைப் போட்டு, ஆட்டத்தை மறைக்க மூன்று வாஷரை அடுக்கி வைப்பவருக்கு என்ன பெயர் சொல்வது? அந்த போல்ட் தொலைந்து போயிருந்தால் நான் அவருக்கு நன்றி சொல்லியிருப்பேன். ஒயரிங்கிலும் இதே கதை. லூகாஸ் வகுத்த நிற முறைப்படி பழுப்பு எப்போதும் கரண்ட் இருக்கும் ஒயர், வெள்ளை இக்னிஷன், பச்சை ஃபியூஸுக்குப் பிந்தியது, கறுப்பு எர்த். பூட்டிய புண்ணியவானிடம் ஒரே ஒரு சிவப்பு ஒயர்ச் சுருள்தான் இருந்திருக்கிறது. போதாக்குறைக்கு ஃபைபர்கிளாஸ் பாடியில் மின்சாரம் ஓடாது, ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக எர்த் இழுக்க வேண்டும். அவர் பாதி விளக்குக்கு இழுத்தார். மீதி விளக்குகள் பக்கத்து விளக்கு வழியாக எர்த் தேடிப் போகின்றன. இண்டிகேட்டரைப் போட்டால் பிரேக் விளக்கும் கண்சிமிட்டுவது அதனால்தான்.

பெரிய கம்பெனிகளே ஒப்பேற்றியவைதானே என்று கேட்பீர்கள். உண்மை. லோட்டஸ் செவனின் முதல் சீரிஸில் நாஷ் மெட்ரோபாலிட்டனின் பின் ஆக்சில், இரண்டாவதில் ஸ்டாண்டர்ட் கம்பானியனுடையது. லோட்டஸ் எஸ்ப்ரிக்கு முதலில் ஃபியட் எக்ஸ்1/9 இன் பின் விளக்கு, கதவில் அதே மரீனா கைப்பிடி. ஆஸ்டன் மார்ட்டின் டிபி7 இன் பின் விளக்கு மஸ்தாவினுடையது, பின்னாளைய லம்போர்கினி டயாப்லோவின் முன் விளக்கு நிசான் 300இசட்எக்ஸ் போட்டிருந்தது. கடன் வாங்காத கம்பெனி இல்லை. ஆனால் அவர்கள் கடன் வாங்கியதை எழுதி வைத்தார்கள். அதற்குப் பாக எண் உண்டு, வரைபடம் உண்டு, ஒரே சீரிஸ் எஸ்ப்ரி எல்லாவற்றிலும் ஒரே விளக்கு. வாங்கியதைச் சொல்லாமல் செத்துப்போவதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். ஒப்பேற்றுவது ஒரு கலை, அந்தக் கைவண்ணத்துக்கு மரியாதை வேண்டாமா என்பார்கள் அடுத்து. தாராளமாக. செம்புக் குழாய் வைத்தவர் ஒரு மாஸ்கிங் டேப் துண்டில் 'ரேடியேட்டர்: இன்ன வண்டி' என்று பேனாவால் எழுதி ஒட்டியிருந்தால் நானே அவருக்குச் சால்வை போடுவேன். நாமும் எழுதுவதில்லை என்பதுதான் இதில் கேவலம். மிஞ்சிய போல்ட்டுகளை பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி வைத்து, டப்பாவின் மேல் 'பல்வகை' என்று எழுதுகிற ஜாதி நாம். அடுத்த ஓனர் நம்மைத் திட்டப் போகும் வசவுகள் இப்போதே என் காதில் விழுகின்றன, அவையும் நியாயமானவைதான்.

பேசாமல் ஒரு எம்ஜிபி வாங்கித் தொலைப்பதுதானே என்பது கடைசி ஆட்சேபம், இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் எம்ஜிபிக்காரர்கள். 1988லிருந்து அதற்குப் புது பாடி ஷெல்லே முழுசாக வாங்கலாம். கேட்லாக்கைத் திறந்து, பணத்தைக் கட்டி, பெட்டியைப் பிரித்தால் வேலை முடிந்தது. அதற்குப் பெயர் சீர்செய்வதாம். கிட் காரின் ஃபைபர்கிளாஸ் அச்சோ ஒரு கம்பெனி மூடியதும் இன்னொருவர் கைக்குப் போய், அவரும் நொடித்து, யாருடைய தோட்டத்திலோ மழையில் மக்கிக் கிடக்கும். இந்த நிலையில் பிரிட்டனின் வண்டிப் பதிவு அலுவலகம் பல வருஷங்களாக ஒரு மார்க் முறை வைத்திருந்தது. பழைய பதிவெண்ணைத் தக்கவைக்க எட்டு மார்க் வேண்டும்: சேசிஸுக்கு 5, சஸ்பென்ஷன், ஆக்சில், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் ஆகியவற்றுக்குத் தலா 2, எஞ்சினுக்கு 1. சேசிஸ் பழையதாக இருக்க வேண்டும். புதியதென்றால் அதே அச்சில் தயாரானது என்பதற்கு ரசீது வேண்டும். கம்பெனியே இல்லாத வண்டிக்கு யார் ரசீது தருவது? எட்டு வராவிட்டால் 'க்யூ' என்று தொடங்கும் பதிவெண், அதாவது வண்டியின் வயதும் பிறப்பும் சந்தேகத்துக்குரியவை என்று நம்பர் பிளேட்டிலேயே ஊருக்குச் சொல்லிவிடுவது. துருப்பிடித்து ஓட்டை விழுந்த சேசிஸை வெட்டி எறியாமல், அந்த 5 மார்க்குக்காக அதன் மேலேயே தகட்டுக்கு மேல் தகடாக வெல்டிங் வைத்தவர்கள் உண்டு. இப்போது அந்த வண்டிகளும் விற்பனைக்கு வருகின்றன. வெல்டிங்கின் மேல் கனமாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.