டொக்டொக் தாத்தா

சென்னையில் புதிதாக எழும்பும் ஒவ்வொரு அடுக்குமாடிக் கோபுரத்திலும் நீச்சல்குளம், உடற்பயிற்சிக்கூடம், குழந்தைகள் விளையாடுமிடம் ஆகியவற்றோடு ஒரு டொக்டொக் தாத்தாவும் உண்டு. விளம்பரக் கையேட்டில் அவர் படம் இருக்காது. நீச்சல்குளத்தில் தண்ணீர் விட ஒன்றரை வருடம் ஆகும். டிரெட்மில் வந்திறங்க இரண்டு வருடம். தாத்தா மட்டும் சாவி கொடுக்கிற அன்றைக்கே ஆஜராகிவிடுவார். சொன்ன தேதிக்குக் கிடைக்கும் ஒரே வசதி அவர்தான்.

அவருடைய ஆயுதங்கள் நான்கு: ஒரு கோலிக்குண்டு, ஒரு ரசமட்டம், ஒரு டார்ச் லைட், பழைய கனத்த ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று. புது நாணயத்தில் நாதம் போதாது என்பது அவர் கட்சி. நாணயத்தால் சுவரைத் தட்டுவார். ‘டண்’ என்று கேட்டால் முகம் வாடும். ‘டொக்’ என்று கேட்டால் மலரும். குழந்தைகள் அவருக்கு வைத்த பெயருக்குக் காரணம் இவ்வளவுதான்.

இந்த இனத்தில் வங்கியில் ஓய்வு பெற்றவர்கள் உண்டு; மின்வாரியத்தில், தாலுகா அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர்களும் உண்டு. கட்டடப் பொறியாளராக ஓய்வு பெற்றவர் மட்டும் இதில் சேருவதில்லை. அவர் தன் வீட்டு விரிசலைப் பார்த்ததும் அந்த இடத்தில் ஒரு காலண்டரை மாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்.

பழைய மகாபலிபுரம் சாலையில், சோழிங்கநல்லூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் கோபுரத்தின் ஒன்பதாம் மாடித் தாத்தா ரயில்வேக்காரர். பேசின் பிரிட்ஜ் யார்டில் வண்டிச் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டி, எழும் ஓசையை வைத்தே விரிசலைக் கண்டுபிடித்த பரம்பரை. “கோயம்புத்தூர் வண்டிச் சக்கரத்துக்கே சலுகை தந்ததில்ல. உங்க பாத்ரூம் டைல்ஸுக்கு எதுக்குத் தரணும்?” என்பார். கேட்பவருக்குப் பதில் தோன்றாது.

வீட்டை ஒப்படைக்க வந்த இளம் பொறியாளருக்கு அது முதல் வேலை. தாத்தாவுக்கோ அது இரண்டாவது வாழ்க்கை.

“தம்பி, இது என்ன சத்தம்?”

“டைல்ஸ் சார்.”

“டைல்ஸ் சத்தம் எனக்குத் தெரியும். இது டைல்ஸுக்குக் கீழ இருக்கிற காத்து. சதுர அடி ரேட்டுல அதுக்கும் சேர்த்தா காசு வாங்கினீங்க?”

விஷயம் உண்மைதான். டைலின் முழுப் பரப்புக்கும் கலவை பரவ வேண்டும். அவசரக்காரக் கொத்தனார் நான்கு மூலைக்கும் நடுவுக்கும் ஒவ்வோர் உருண்டை வைத்து அழுத்திவிட்டுப் போய்விடுவார். மேலே பார்த்தால் கண்ணாடி, உள்ளே பொக்கு. பீரோவின் கால் சரியாக அந்தப் பொக்கின் மேல் நிற்கும் நாளில்தான் டைல் வாய் திறந்து பேசும்.

அடுத்து கோலிக்குண்டு. குளியலறைத் தரையில் வைத்தார். வாட்டம் சரியாக இருந்தால் அது சல்லடை போட்ட துவாரத்தை நோக்கி உருள வேண்டும். எங்கள் கோலி வாசற்படியைத் தாண்டி, படுக்கையறையைக் குறுக்காகக் கடந்து, கட்டில் வரப்போகிற இடத்தில் போய் நின்றது. “அருமை! காலையில குளிச்சா தண்ணி நேரா வந்து வீட்டுக்காரம்மாவை எழுப்பிடும். அலாரமே வேண்டாம்” என்றார். பொறியாளர் கோலியை எடுத்துப் பணிவாகத் திருப்பித் தந்தார்.

தூணும் பிளாக் சுவரும் சேருமிடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு. கான்கிரீட்டும் பிளாக்கும் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. அதனால் அந்த இணைப்பில் கோழிவலை அடித்துத்தான் பூச வேண்டும். கான்கிரீட்டின் முகத்தையும் கொத்திவிட்டுப் பூசினால்தான் பூச்சு பிடிக்கும்.

“அது ஹேர்லைன் கிராக் சார்” என்றார் பொறியாளர்.

தாத்தா தன் தலையைத் தடவிக்கொண்டார். “எனக்கே இல்ல, சுவத்துக்கு எதுக்குப்பா ஹேர்? இங்க கோழியும் இல்ல, வலையும் இல்ல. சரி, இந்தத் தூணுக்கு எத்தனை நாள் தண்ணி காட்டினீங்க?”

சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்பு சிமெண்டுக்கு 10 நாள் என்று கான்கிரீட்டுக்கான தரவிதி ஐ.எஸ். 456 சொல்வது அந்தப் பையனுக்கும் தெரியும். தண்ணீர் லாரி வராத நாள்கள் எத்தனை என்பதும் தெரியும். அவர் பேசாமல் இருந்ததிலிருந்து தாத்தா லாரி வராத நாள்களைக் கணக்குப் போட்டுக்கொண்டார்.

அறைகளை அளந்தபோது மட்டும் சிறு சமாதானம். கார்ப்பெட் ஏரியா என்பதில் வெளிச்சுவர் சேராது, வீட்டுக்குள் இருக்கும் தடுப்புச்சுவர் சேரும் என்று சட்டமே சொல்கிறது. “அப்போ இந்தச் சுவத்துக்கு நான் காசு கொடுத்திருக்கேன். எப்ப வேணும்னாலும் தட்டுவேன்” என்று அன்று எடுத்த முடிவை இன்றுவரை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

சட்டம் என்றதும் சொல்ல வேண்டும். 2016 ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14 ஆம் பிரிவு, 3 ஆம் உட்பிரிவு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ, வேலைத்தரத்திலோ குறை தெரிந்து எழுதிக் கொடுத்தால், கட்டியவர் 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். அந்தக் கடைசித் தேதியைத் தாத்தா கூடத்தில் எழுதி மாட்டியிருக்கிறார். காலையில் லிஃப்டில் யாரைப் பார்த்தாலும், “இன்னும் மூணு வருஷம் நாலு மாசம்தான் இருக்கு” என்பார். புதிதாகக் குடிவந்த ஓர் அம்மாள் அவருக்கு ஏதோ தீராத வியாதி என்று நினைத்து மாங்காட்டம்மனுக்கு வேண்டிக்கொண்டு, பிரசாதத்தோடு வந்து நின்றார். தாத்தா குங்குமத்தை வாங்கி இட்டுக்கொண்டு, அந்த அம்மாள் வீட்டுச் சமையலறைச் சுவரைப் போய்த் தட்டிப் பார்த்தார்.

வாட்ஸ்அப் குழுவில் அவர் போடும் படங்களை ஒரு பார்வையில் கண்டுகொள்ளலாம். விரிசலோ, ஓதமோ, உப்புப் பூத்த சுவரோ, எதுவானாலும் ஓரத்தில் அந்த ஐந்து ரூபாய் நாணயம் இருக்கும், அளவு தெரிவதற்காக. குழுவில் அவருக்கு எதிர்க்கட்சியும் உண்டு. வீட்டை வாடகைக்கு விட்டவர்களும் விற்க நினைப்பவர்களும் அதில் இருக்கிறார்கள். “விரிசலை வெளிய சொன்னா ரேட்டு இறங்கிடும், அங்கிள்” என்பது அவர்கள் கொள்கை. “ரேட்டு ஏறினா விரிசல் மூடிக்குமா?” என்று தாத்தா கேட்பார். அதற்குமேல் அன்றைக்கு யாரும் தட்டச்சு செய்ய மாட்டார்கள். ‘குட் மார்னிங்’ ரோஜாப்பூ வந்து விவாதத்தை முடித்துவைக்கும்.

அவரால் நன்மையும் விளைந்திருக்கிறது. மொட்டை மாடியில் வடிகால் வாயையெல்லாம் அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிறுத்திப் பாருங்கள் என்று விடாப்பிடியாக நின்றார். நிறுத்தினார்கள். கடைசி மாடியில் மூன்று வீட்டுக் கூரை ஈரமானது. மழைக்காலத்துக்கு முன்பே எல்லாம் சரிசெய்யப்பட்டது. அந்த மூன்று வீட்டுக்காரர்களும் நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்த்தார். “நல்லா இருந்த வீட்டை ஒழுக வெச்சதே இந்த மனுஷன்தான்” என்று அவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

மேலே தட்டுவதற்கு இடம் தீர்ந்தபோது, தாத்தா கீழே இறங்கினார். கீழே கடைத்தெரு.

கையேட்டில் அதற்குத் தனிப் பக்கமே ஒதுக்கியிருந்தார்கள். ‘ஹை ஸ்ட்ரீட் ரீடெயில்’ என்று தலைப்பு. படத்தில் குடைக்கடியில் வெள்ளைக்காரத் தம்பதி காபி குடிப்பார்கள். ஒருவர் வயலின் வாசிப்பார். பக்கத்தில் காதுமுடி நீண்ட நாய் ஒன்று. சோழிங்கநல்லூரின் மே மாத வெயிலில் அந்த நாய்க்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க வேண்டாம். நேரில் பன்னிரண்டு ஷட்டர்கள். இரண்டு மருந்துக்கடை, ஒரு பல் மருத்துவமனை, இதே கோபுரத்தில் வீடு விற்றுத்தரும் ஒரு தரகு அலுவலகம். மீதி எட்டிலும் ‘டு-லெட்’. தலைவலிக்கு இரண்டு கடை, பல்வலிக்கு ஒன்று. கொத்தமல்லிக்கு ஒன்றும் இல்லை.

ஏன் என்று சங்கத்தின் பொதுக்குழுவில் கேள்வி வந்தது. தாத்தா இரண்டு மாலைகள் கீழே சுற்றி அறிக்கை தயாரித்தார்.

முதலாவது, படிகள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த பயத்தில் கடைத்தளத்தைத் தூக்கிக் கட்டிவிட்டார்கள். ஏழு படி, பளபளக்கும் கிரானைட், சாய்தளம் இல்லை. தூறல் விழுந்தால் மருந்துக்கடைக்கு ஏறுகிறவர் பல் மருத்துவரிடம் போய்ச் சேருவார். இரண்டாவது, எந்தக் கடைக்கும் புகை போக வழி வைக்கவில்லை. டீக்கடையோ இட்லிக்கடையோ வந்தால் முதல் மாடிக்காரர் தாளிப்பு வாசனையிலேயே சாப்பாட்டை முடித்துக்கொள்ள வேண்டும். எண்ணெய்க் கழிவைப் பிடிக்கும் தொட்டியும் இல்லை. மூன்றாவது, கடைக்கும் நடைபாதைக்கும் நடுவே கார் நிறுத்தம். நடந்து போகிறவர் கண்ணுக்குக் கடை தெரியாது, டிக்கிதான் தெரியும். நான்காவது, வாடகை. எட்டு கடைகளையும் வாங்கிப் போட்டவர்கள் ஊரில் இல்லை. அவர்கள் மனதில் இன்னும் வயலின் ஓடிக்கொண்டிருக்கிறது.

“மயிலாப்பூர் மாட வீதியில பாருங்க, சௌகார்பேட்டையில பாருங்க. கீழ கடை, மேல வீடு. நேத்திக்கு வந்த பழக்கமா இது?” என்று தாத்தா மேடையில் கேட்டார். “தெருவுல இருந்து ஒரு எட்டு வெச்சா கடை. ரங்கநாதன் தெருவுல கிரானைட்டா இருக்கு? பாண்டி பஜார்ல 2019ல நடைபாதையை அகலமாப் போட்டாங்க. காலாற நடந்துக்கிட்டே கடை பாக்கலாம். கடைக்கு முன்னாடி மனுஷன் நிக்கணும், கார் இல்ல. இந்த டிராயிங் போட்டவர் ஒரு நாளும் கொத்தமல்லி வாங்கினவரா இருக்க மாட்டார்.”

கைதட்டல் எழுந்தது. கைதட்டியவர்கள் எல்லோரும் கூட்டம் முடிந்ததும் மதில் ஓரம் போய் கொத்தமல்லி வாங்கினார்கள்.

எங்கள் உண்மையான கடைத்தெரு அதுதான். மதிலுக்கும் சாலைக்கும் நடுவில் ஓர் இஸ்திரி வண்டி, சைக்கிளில் கேன் கட்டிய டீக்காரர், கீரைக்கூடை, ஓர் இளநீர்க்கார அம்மா. ஏழு படி கிடையாது. பன்னிரண்டு ஷட்டருக்குச் சேராத கூட்டம் அங்கே சேரும். அப்ரூவல் வாங்கிய வரைபடத்தில் இவை இல்லை என்பது முதலில் தாத்தாவின் கண்ணை உறுத்தியது. மாநகராட்சிக்குப் புகார் எழுத உட்கார்ந்தார். எந்தச் சட்டத்தில் எழுதுவது என்று தேடியபோது, 2014 ஆம் ஆண்டு சாலையோர வியாபாரிகள் சட்டம் கையில் கிடைத்தது. கணக்கெடுப்பு முடித்து, சான்றிதழ் கொடுக்கும் முன் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று அதில் கண்டிருந்தது. சட்டப்பிரிவு என்று வந்துவிட்டால் தாத்தாவுக்குத் தன் கட்சி, எதிர்க்கட்சி என்று பேதம் கிடையாது. நேராகக் கீழே போனார். “ஏம்மா, உன்னை இங்கேர்ந்து எடுக்க முடியாதுன்னு உனக்குத் தெரியுமா?” என்று இளநீர்க்கார அம்மாவிடம் கேட்டார். “யார் சார் எடுக்கச் சொன்னாங்க?” என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டார். தாத்தா தொண்டையைச் செருமிக்கொண்டார். புகார் எழுதப் புறப்பட்டவர், அந்த அம்மாவின் அடையாள அட்டைக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டு மேலே வந்தார்.

மனுவுக்குக் கூலியாக ஓர் இளநீர் கிடைத்தது. அங்கேதான் அவர் தன் துறையில் ஒரு போட்டியாளரைச் சந்தித்தார். நாணயத்தால் ஒரு காயைத் தட்டி, “இது வழுக்கை” என்றார். அந்த அம்மா அரிவாளின் பின்பக்கத்தால் லேசாக ஒரு தட்டு தட்டி, “வெறும் தண்ணி சார்” என்றார். சீவிப் பார்த்தால் தண்ணீர். இன்னொன்று. அதிலும் அந்த அம்மாதான் ஜெயித்தார். வாரம் முழுதும் தாத்தா தோற்றுக்கொண்டே இளநீர் குடித்தார். பதினோராம் மாடிக்காரர் ஒருவர், காய் புளிக்கிறது என்று பாதி குடித்ததைத் திருப்பிக் கொண்டுவந்தார். அந்த அம்மா மறுபேச்சுப் பேசாமல் வேறொன்றைச் சீவிக் கொடுத்தார். 30 நாள் அவகாசம் கேட்கவில்லை, ஹேர்லைன் என்று சொல்லவில்லை. தாத்தா இதைக் கவனித்து வைத்துக்கொண்டார்.

மறுநாளே அந்த அம்மாவைக் கோபுரத்தின் முகப்புத் தூணுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கிரானைட் ஒட்டிய தூண். கட்டடத்தின் பெயர் பித்தளை எழுத்தில் மின்னுகிறது. “இதைக் கொஞ்சம் பாரும்மா.”

அரிவாளின் பின்பக்கத்தால் மூன்று இடத்தில் தட்டினார். “உள்ள ஒண்ணும் இல்ல சார். இந்த மாதிரி சத்தம் வந்தா நான் வண்டியிலயே ஏத்த மாட்டேன்.”

தாத்தா அன்றிரவே கட்டியவருக்குக் கடிதம் எழுதி, ‘வெளி நிபுணரின் ஆய்வுப்படி’ என்று இதைச் சேர்த்தார். பதில் சீக்கிரமே வந்தது: மேற்படி நிபுணரின் கல்வித்தகுதி, அனுபவம், பதிவு எண் ஆகியவற்றைத் தெரிவிக்கவும். தாத்தா மூன்றுக்கும் சேர்த்து ஒரே வரியில் எழுதி அனுப்பினார்:

“தினம் நூறு காய் விற்பவர். கெட்டது என்று வந்தால் நின்ற இடத்திலேயே மாற்றித் தருகிறார். தாங்களும் அவ்வாறே செய்யவும்.”