மணிமுத்தாறு முதல் நியூஜெர்சி வரை: பிளக், வோல்ட் குறித்த ஒரு முன்னாய்வு

ஓரிடத்தில் இட்ட பொருள் வேறிடத்தில் தரம் மாறாமல் வருமா என்ற வினாவை விருத்தாசலத்தில் முதலில் எழுப்பியவர் சுந்தரர். 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். பொன் வந்து சேர்ந்ததே பக்தர்களுக்குப் போதும். ஆய்வாளர் கவனிக்க வேண்டியது, போடுமுன் அவர் மச்சம், அதாவது மாதிரித் துண்டு, வெட்டி வைத்துக்கொண்டதைத்தான். குளத்தில் எடுத்ததை உரைத்துப் பார்த்தால் தரம் குறைந்திருந்தது. மறுபடி பாடிய பிறகே சரியாயிற்று.

அடாப்டர் வாங்குவோர் யாரும் உரைத்துப் பார்ப்பதில்லை. கால் பொருந்தினால் கரன்டும் பொருந்தும் என்பது அவர்கள் சித்தாந்தம். அஃது ஏற்புடைத்தன்று. அடாப்டர் காலை மாற்றும், வோல்ட்டைத் தொடாது.

காலின் வரலாறே தனி. நம் உருண்டைக்கால் பிளக் பிரிட்டன் தந்தது. தந்தவர்களோ 1947இல் சதுரக்கால் தரத்தை வகுத்து, வீடுகளில் மெல்ல அதற்கு மாறிவிட்டார்கள். ஆனால் அங்கே நாடக அரங்குகளின் விளக்குகளுக்கு 15 ஆம்பியர் உருண்டைக்கால் இன்றும் உண்டு. ஆக, லண்டன் போகும் நம் பெரிய பிளக் தங்க வேண்டிய இடம் மச்சான் வீடல்ல, நாடகக் கொட்டகை. அங்கும் 230 வோல்ட்தான் என்பதால் கால் பொருந்தினால் போதும்.

அமெரிக்காவில் 120. விருத்தாசலத்தில் சுடும் பீங்கான் பியூஸ் கட்டைக்கு இது ஒரு பொருட்டில்லை. எந்த நாட்டு வோல்ட்டும் அதற்கு ஒன்றே. சீதனமாகப் போகும் மிக்சிக்கு அந்த ஞானம் கிடையாது; சட்னி அரைக்காமல் முனகும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி அங்கே ஏறக்குறைய 270 வாட்டுக்கு இளைத்துவிடும். அங்கிருந்து வரும் தலைமுடி உலர்த்தியை இங்கே செருகினால் மூன்றரை மடங்குக்கு மேல் சூடு. கொஞ்ச நேரத்துக்கு.

போன் சார்ஜர் மட்டும் சுந்தரர் வழி. ‘100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்று மச்சத்தை முதுகிலேயே எழுதிக்கொண்டு அலைகிறது.

அற்றேல், டிரான்ஸ்பார்மர் வைத்தால் தீராதோவெனின், மிக்சிக்குத் தீரும். கிரைண்டருக்குத் தீராது. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை ஏற்றுமே தவிர, அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸை 50 ஆக்காது. கிரைண்டரின் இண்டக்‌ஷன் மோட்டார் ஹெர்ட்ஸைப் பார்த்துச் சுற்றுவது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் ஓடும். மாவு அதனால் சீக்கிரம் சூடாகுமா, இட்லி கல்லாகுமா என்பதை நியூஜெர்சி மாமியார்கள்தான் ஆய்ந்து சொல்ல வேண்டும். மச்சத்துக்கு இங்கிருந்தே ஒரு இட்லி அனுப்பத் தயார்.