றைவர் வராத பிறின்ரர்

பரந்தனில் எங்கள் வீட்டில் பிறின்ரர் ஒன்று, அதற்கு உரிமை கோருபவர்கள் ஐந்து பேர். தம்பியின் மேசைக் கொம்பியூற்றர், தங்கச்சியின் லப்டொப், மருமகளின் பழைய லப்டொப், என்னுடையது, இவ்வளவும் போதாதென்று பக்கத்து வீட்டுச் சின்னம்மாவின் கைபேசி. பிறின்ரர் குடியிருப்பது விறாந்தையில், நெல்லு மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவில். அம்மா அதன்மேல் பூப்போட்ட துணி விரித்து வைத்திருக்கிறா. முந்தி ரீவிக்கென்று தைத்த துணி அது. தாள் வெளியே வரும் வாயையும் சேர்த்து மூடுவதால், அச்சடித்த தாள் துணியில் முட்டி மடங்கி, வந்த வழியே திரும்பப் பார்க்கும்.

அன்றைக்கு மருமகள் கடந்தகால வினாத்தாள் ஒன்றை அடிக்க வெளிக்கிட்டாள். பத்து நிமிசம் பொறுத்துக் கத்தினாள்: "மாமா, றைவரைக் காணேல்லையாம்!"

அடுப்படியிலிருந்து அம்மா கேட்டா: "காணேல்லையெண்டால் சந்தியிலை நிக்கிற ஓட்டோக்காரப் பெடியனைக் கூப்பிடன். அவன் சும்மாதானே நிக்கிறான்."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பிறகு இரவு படுத்துக் கிடந்து யோசித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. தமிழ் அச்சின் சரித்திரத்தில் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். இயந்திரம் வந்துவிடும். றைவர் வரமாட்டார்.

1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு ஐயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓலையில் எழுதுவித்துக் கை ஓய்ந்து, ஐரோப்பாவுக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார். லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தார் மனமிரங்கி 1711இல் ஒரு அச்சியந்திரத்தைக் கப்பலேற்றினார்கள். கூடவே யோனாஸ் பிங்க் என்ற இளைஞரையும் அனுப்பினார்கள். அவர்தான் றைவர். கப்பல் பிரேசிலில் ரியோ டி ஜெனீரோவில் நின்ற நேரம் பார்த்து பிரான்சுக்காரர் வந்து ஊரையும் பிடித்தார்கள், கப்பலையும் பிடித்தார்கள். அச்சியந்திரம் எப்படியோ தப்பியது. பிங்க் அந்தக் கலவரத்திலும் தப்பி, திரும்பவும் கப்பலேறி, மிச்ச வழியில் காய்ச்சலில் இறந்துபோனார். 1712இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தது இயந்திரம் மட்டும். பிறின்ரர் கனெக்ரட், றைவர் நொட் பவுண்ட்.

சீகன்பால்கு செய்ததும் அம்மா சொன்னதையேதான். ஊரில் யார் சும்மா நிற்கிறான் என்று பார்த்தார். டெனிஷ் கொம்பனிப் படையில் ஒரு சிப்பாய்க்கு அச்சு வேலை தெரிந்திருந்தது. பிடித்து இழுத்து வந்து இயந்திரத்தடியில் விட்டார்கள். வேலை நடந்தது.

அடுத்த கரைச்சல் எழுத்துரு. ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றும் பூசணிக்காய்ப் பருமன். அந்த அளவில் வேதாகமம் அடித்தால் இருக்கிற தாள் எந்த மூலைக்குக் காணும்? இப்போதென்றால் 14ஐ 11 ஆக்கிவிட்டு எழும்பிப் போகலாம். அவர்கள் ஈயத்தை உருக்கிச் சின்ன எழுத்து வார்க்க வேண்டியிருந்தது. ஈயம்? லண்டன் சங்கத்தார் ஐயர்மாருக்குத் தின்ன அனுப்பிய சீஸ், ஈயத் தகட்டில் பொதிந்து வந்திருந்தது. சீஸ் வயிற்றுக்குள் போனது, தகடு அடுப்புக்குள் போனது. 1714இல் முதற் பகுதி அச்சேறிய தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அந்தச் சின்ன எழுத்தில்தான் அடித்து முடித்தார்கள். பிறகு தாளும் தட்டுப்பட, பொறையாறில் காகித ஆலையே போட்டார்கள். நாங்கள் தாள் முடிந்தால் சந்திக் கடைக்குப் போகவே பஞ்சிப்படுகிறோம்.

சரி, அது கடலுக்கு அந்தப் பக்கத்துக் கதை. யாழ்ப்பாணத்தான் சளைத்தவனா?

1816இல் அமெரிக்க மிஷன்காரர் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் குடியேறினார்கள். அவர்களுக்கென்று அமெரிக்காவிலிருந்து அச்சியந்திரம் வந்தது. அதை இயக்க 1820இல் ஜேம்ஸ் கரெட் என்ற அச்சாளரும் வந்தார். இந்த முறை றைவர் சாகாமல், ஒழுங்காக, உயிரோடு கரையில் இறங்கினார். அதுதான் பிழையாகப் போயிற்று. அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்த சேர் எட்வேட் பார்ன்ஸ், இனிமேல் ஒரு அமெரிக்கரும் உள்ளே வரக்கூடாது, மூன்று மாதத்துக்குள் வெளியேறு என்று சொல்லிவிட்டார். பார்ன்ஸ் தெருப் போடுவதில் பேர்போன மனிசன். வந்த தெருவாலேயே ஆளைத் திருப்பி அனுப்புவதிலும் கெட்டிக்காரன் என்று கரெட்டுக்கு விளங்கியிருக்கும். நெற்வேர்க்கில் இப்படி ஆட்களை வாசலில் மறிப்பதற்கு இப்போது பயர்வோல் என்று பெயர். 1820இல் அதற்கு சேர் எட்வேட் பார்ன்ஸ் என்று பெயர்.

கரெட் பம்பாய்க்குப் போய் அங்கே அச்சடித்தார். இங்கே இயந்திரம் தனித்து நின்றது. கடைசியில் அது நல்லூரில் இருந்த ஆங்கிலேய சர்ச் மிஷன்காரரின் கைக்குப் போனது. அமெரிக்காக்காரனின் இயந்திரம், இங்கிலாந்துக்காரனின் வீடு, அடிக்கிறது தமிழ்த் துண்டுப்பிரசுரம். எங்கள் பகுதியில் பிறின்ரரைப் பங்கிட்ட முதல் சம்பவம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் துணிபு. அதற்குச் சில வருசத்துக்கு முன்புதான் இந்த இரண்டு நாடும் சண்டை பிடித்து, ஒருவன் மற்றவனின் தலைநகரைக் கொளுத்தியிருந்தான் என்பதை நினைக்கும்போது, நானும் தம்பியும் மை வாங்குகிற காசுக்காக மூன்று நாள் பேசாமல் இருந்தது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

தடை தளர்ந்து, 1834 அளவில் மைனர் என்ற அச்சாளர் வந்து மானிப்பாயில் அச்சகம் ஓடத் தொடங்கியது. 1841இல் உதயதாரகை பத்திரிகை அங்கேதான் வெளிவந்தது. றைவரும் இயந்திரமும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1842இல் அடித்த மானிப்பாய் அகராதியே சாட்சி.

ஆனால் மானிப்பாய் இயந்திரத்தில் சைவசமயத்தைக் கிழிகிழியென்று கிழித்துப் பிரசுரம் வந்துகொண்டிருந்தது. அதற்கு மறுப்பு எழுதுகிறவர் அதே இயந்திரத்தடியில் போய், "ஐயா, உங்களைப் பேசி நாலு பக்கம் எழுதியிருக்கிறன், அடிச்சுத் தாருங்கோ" என்று கேட்கலாமா? ஆறுமுக நாவலர் கேட்கவில்லை. 1849இல் சென்னைக்குப் போய்ச் சொந்தமாக ஒன்று வாங்கி வந்து, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலை என்று பெயர் வைத்து நிறுத்தினார். அந்த முறை றைவர் பிரச்சினையே வரவில்லை. எழுதினதும் அவர், பிழை திருத்தினதும் அவர். ஒரு புள்ளி தவறினாலும் அச்சுக் கோத்தவருக்கு என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. நாவலர் பதிப்பில் பிழை தேடிக் களைத்த ஆட்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

இந்த நேரத்தில் அமெரிக்காவுக்கு ஒருக்கால் போய்வருவோம். 1973இல் கலிபோர்னியாவில் ஜெரொக்ஸ் கொம்பனியின் ஆய்வுகூடத்தில் ஆளுக்கொரு கொம்பியூற்றர் கொடுக்கத் தீர்மானித்தார்கள். லேசர் பிறின்ரர், கேரி ஸ்டார்க்வெதர் அதே கொம்பனியில் அப்போதுதான் கண்டுபிடித்திருந்த புதினம். அதை ஆளுக்கொன்று கொடுக்கக் கொம்பனியாலும் ஏலாது. எல்லாக் கொம்பியூற்றரையும் அந்த பிறின்ரரோடு தொடுக்க வேண்டும் என்ற தேவையில்தான் பொப் மெற்காப் ஈதர்நெற்றைக் கண்டுபிடித்தார். இன்றைக்கு எங்கள் வீட்டு வைபை வரைக்கும் அந்தப் பரம்பரைதான். ஆக, பிறின்ரரைப் பங்கிடுவது நெற்வேர்க்கின் உபதொழில் என்று நினைக்காதீர்கள். அது மூத்த பிள்ளை.

அந்த 1973இல் எங்கள் பக்கத்தில் இருந்த நெற்வேர்க் இரணைமடு வாய்க்கால். அதில் இந்த விசயங்கள் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. குளத்துத் தண்ணீர் ஒன்று, வயல்காரர் ஆயிரம். முறை வைத்துத் தண்ணி விடுவார்கள். உன் முறை வரும்வரை வரம்பில் குந்தியிருக்க வேண்டும். கொம்பியூற்றரில் இதை ஸ்பூலர் என்கிறார்கள், ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி. இரவில் களவாக மடை வெட்டித் தன் வயலுக்குத் திருப்புகிறவனுக்கும் இங்கிலீசில் ஒரு பெயர் வைத்திருப்பார்கள்.

1980ஐ அண்டி, எம்ஐரி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்பவருக்கும் எங்கள் வீட்டு வியாதி வந்தது. பங்கிட்ட பிறின்ரர், ஆனால் இருக்கிற இடம் வேறு தளம். தாள் சிக்கினால் யாருக்கும் தெரியாது. படியேறிப் போய்ப் பார்த்தால் உன்னுடையதுக்கு முன்னால் நாலு பேருடையது அப்படியே கிடக்கும். முந்தின பிறின்ரரில் தாள் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி அவர் நிரலைத் திருத்தியிருந்தார். புதிதாக வந்த ஜெரொக்ஸ் பிறின்ரரில் திருத்த முடியவில்லை. நிரலின் மூலத்தைத் தா என்று இன்னொரு பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் போய்க் கேட்டார். தரமாட்டேன், தருவதில்லையென்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றார் அவர். ஸ்டோல்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்து, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தையே தொடங்கினார். தாள் சிக்கினதுக்கு இயக்கம் தொடங்கிய ஒரே ஆள். நாங்கள் பிறின்ரரின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டுவதோடு நிறுத்திவிடுகிறோம்.

1992இல் மைக்ரோசொவ்ற், வீட்டாரும் கந்தோராரும் பிறின்ரரைப் பங்கிட வசதியாக விண்டோஸ் போ வேர்க்குறூப்ஸ் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. அந்த நல்ல செய்தி எங்களுக்கு வந்து சேரவில்லை. அப்போது வன்னியில் மின்சாரம் கிடையாது. போர்க்காலப் பொருளாதாரத் தடை. பற்றரி உள்ளே வராது, எரிபொருள் வராது, தாளும் லேசில் வராது. ஜாம் போத்தலில் பஞ்சும் மண்ணெண்ணெயும் போட்டு விளக்கெரித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம். யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளில்கூட வந்தன. ஒரு பத்திரிகைக்கு வாசிகசாலை முழுவதும் காது கொடுத்தது. ஒரு கடிதத்துக்கு நாலு பிரதி வேண்டுமென்றால் தட்டச்சில் மூன்று காபன் தாள் வைத்து ஓங்கிக் குத்த வேண்டும். நாலாவது பிரதியை விதானையார் வெயிலில் பிடித்துத்தான் வாசிப்பார்.

சரித்திரத்தில் அந்த ஒரு காலத்தில்தான் கணக்குத் தலைகீழானது. பிறின்ரர் இல்லை, ஆனால் றைவர்மார் எப்பேர்ப்பட்டவர்கள்! பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்த ஆட்களிடம் இந்த பிறின்ரரைக் கொடுத்திருந்தால் அதையும் ஓட்டியிருப்பார்கள், பின்னால் கொஞ்சம் கரும்புகை வந்திருக்கும்.

எங்கள் ஊரில் இரசாயனத் தொழிற்சாலை ஒன்று இருந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். உப்பிலிருந்து காஸ்டிக் சோடா செய்தது. காகிதக் கூழ் அவிப்பதற்கும் காஸ்டிக் சோடா வேண்டும். காகிதத்தின் சீதனம் செய்த ஊர், காகிதத்துக்கு வரிசையில் நின்றது. இதை வேறு ஊரான் சொன்னால் அடிப்பேன், நான் சொல்லலாம்.

1996இல் பரந்தன் இராணுவத்திடம் போக, ஊர் எழும்பி நடந்தது. தருமபுரம், விசுவமடு, மல்லாவி என்று விலாசம் மாறிக்கொண்டே இருந்தது. எங்களுக்கு வந்த கடிதங்கள் பழைய விலாசத்தில் யாரும் இல்லாத வீட்டைத் தட்டிவிட்டுத் திரும்பின. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் பிறின்ரருக்கு வந்த வருத்தமும் கடைசியில் இதுதான்.

முதலில் பிறின்ரர் தம்பியின் கொம்பியூற்றரில் வயரால் தொடுத்திருந்தது. அது தலைவாய்க்கால். அவன் நித்திரைக்குப் போகக் கொம்பியூற்றரை நிற்பாட்டினால் கீழ்வாய்க்கால்காரர் எல்லோருக்கும் வரட்சி. ஆகவே வயரைக் கழற்றி, நேரே வைபையில் விட்டோம். இரண்டு நாள் சொர்க்கம். மூன்றாம் நாள் கரண்ட் போய் வந்தது. றூற்றர் எழும்பி, கேட்கிற ஒவ்வொருவருக்கும் புதிதாக இலக்கம் கொடுத்தது. 7ஆம் இலக்கத்தில் இருந்த பிறின்ரர் 12க்கு இடம்பெயர்ந்துவிட்டது. கொம்பியூற்றர்கள் எல்லாம் தாளை 7க்கு அனுப்பிவிட்டு, ஆள் இல்லை, ஆள் இல்லை என்று அழுதன. மருமகளுக்கு றைவர் காணாமல் போனதும் இந்தக் குழப்பத்தில்தான். கிடைக்காத பிறின்ரரை அழித்துவிட்டுத் திரும்பச் சேர்க்கப் போய், றைவரையும் சேர்த்து அழித்திருந்தாள்.

மருந்து சின்னது. றூற்றரின் அமைப்புக்குள் போய், பிறின்ரரின் மக் இலக்கத்தைக் காட்டி, "இந்தப் பிள்ளைக்கு எப்போதும் 12தான்" என்று எழுதிவிட வேண்டும். காணிக்கு உறுதி முடிக்கிற மாதிரி. பிறகு எல்லாக் கொம்பியூற்றரிலும் அந்த 12க்கே றைவரைப் போட வேண்டும். வந்த விருந்தாளிக்கென்று றூற்றரில் தனி வைபை திறந்திருந்தால், சின்னம்மாவின் கைபேசியை அதில் விடக்கூடாது. அந்தக் கதவால் பிறின்ரர் தெரியாது. வயரால் தொடுத்து விண்டோஸில் பங்கிடத்தான் போகிறேன் என்று நிற்கிறவர்களுக்கு ஒரு செய்தி: 2021இல் பாதுகாப்பு ஓட்டை ஒன்றை அடைக்க வந்த இற்றைப்படுத்தல், உலகம் முழுக்கப் பங்கிட்ட பிறின்ரர்களையும் சேர்த்து அடைத்தது. பார்ன்ஸ் துரை இன்னும் சாகவில்லை.

இலக்கத்தைக் கட்டி வைத்த இரவே பிறின்ரர் உயிர்த்தது. அந்தக் கிழமை முழுக்க ஆளாளுக்கு அமத்தி அமத்தி வரிசையில் நின்றவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மருமகளின் வினாத்தாள் நாலு தரம், என் உரக் கணக்கு இரண்டு தரம், சின்னம்மாவின் பேரனுடைய சாதகம் ஐந்து தரம். தாள் முடிந்த பிறகுதான் நின்றது.

பிறின்ரருக்குப் போட்ட துணியை எடுக்க மட்டும் அம்மா விடவில்லை. தாள் வெளியே வரும் பக்கத்தில் கத்தரிக்கோலால் ஒரு வாய் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்துத் தந்திருக்கிறா.