கவர் சார்

தெருவுக்கு ஒருவர் இப்படி இருப்பார். தாலுகா ஆபீசிலோ கூட்டுறவு சங்கத்திலோ குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை யாரிடமும் கவர் வாங்காதவர் என்று நல்ல பெயர். ஓய்வு பெற்றதும் வீட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்து கவராகத் தைத்துத் தள்ள ஆரம்பித்ததில், தெரு அவருக்கு வைத்த பெயர் கவர் சார்.

முதலில் விஷயம் வீட்டுக்குள்தான் இருந்தது. டி.வி.க்கு ஒன்று, மிக்சிக்கு ஒன்று, கிரைண்டருக்குக் குஞ்சம் வைத்து ஒன்று. ரிமோட்டுக்கு ஏற்கெனவே பாலிதீன் உறை இருந்தது. அதற்கு மேல் பூப்போட்ட துணி உறையும் ஏறியதும், எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் குடும்பம் முழுவதும் ஒரே சேனலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இனி மூடுவதற்கு வீட்டில் எதுவும் இல்லை என்றான பிறகுதான், வாசலில் சாத்தியிருந்த சைக்கிள் அவர் கண்ணில் பட்டது. அது பாவம், ஒன்றுமில்லாமல் வெறும் உடம்போடு நின்றுகொண்டிருந்தது.

பழைய ஹெர்குலிஸ். 22 அங்குல ஃபிரேம், அசல் தோல் சீட், பின்னால் இரண்டு சுருள் ஸ்பிரிங். இந்தச் சீட்டுக்குக் கவர் தேவையா என்றால், நியாயமாகத் தேவைதான். மழையில் ஊறினால் தோல் தொய்ந்து நடுவில் குழி விழும். சித்திரை மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு, வெயிலில் நிறுத்தியிருந்த சைக்கிளில் ஏறி உட்கார்ந்த யாரும் சீட் கவரைக் கேலி செய்ய மாட்டார்கள். ஆனால், “கடையில் ஸ்பாஞ்ச் வைத்ததே விற்கிறதே சார்?” என்று கேட்டுவிடக் கூடாது.

“அது எல்லா சீட்டுக்கும் சேருகிற கவர் சார். எல்லா சீட்டுக்கும் சேருகிறது எந்த சீட்டுக்கும் சேராது.”

அவர் முறை வேறு. சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி, விரித்த நாளிதழின் மேல் சீட்டை அழுத்தி, பென்சிலால் சுற்றி வரைவார். வரைந்ததை அப்படியே வெட்ட மாட்டார். தாளை நெடுக்காக இரண்டாக மடித்து ஒரு பாதியை வெட்டினால்தான் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வரும். மடிக்காமல் வெட்டினால் கவர் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டு, வண்டி நேரே போனாலும் சீட் இடது பக்கம் போவதாகத் தோன்றும். சீட்டின் சுற்றளவை டேப்பில் எடுக்க முடியாது, வளைவில் டேப் மடங்கும். நூலைச் சுற்றி வைத்து, பிறகு நூலை அளக்க வேண்டும். தையலுக்கு அரை அங்குலம் விட வேண்டும். மேல்துண்டோடு பட்டியை இணைத்தபின் வளைவுகளில் கத்தரி நுனியால் கொத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் திருப்பிப் போடும்போது மூக்கில் சுருக்கம் விழும். கடைசியாக அடியில் மடித்துத் தைத்து, ஊக்கில் நாடாவைக் கோத்து உள்ளே விட்டு இழுத்து, ஸ்பிரிங்குக்குப் பின்னால் முடிச்சு. இவ்வளவையும் பால்காரரை நிறுத்தி வைத்துச் சொல்வார். பால்காரர் நிற்பதற்குக் காரணம், கேனுக்கும் ஒரு உறை தருவதாகச் சொல்லியிருப்பதுதான்.

வீட்டில் சண்டை வருவது ஊசியால். மிஷின் அவர் வீட்டு அம்மாவுடையது, ஜாக்கெட் தைப்பதற்காக வாங்கியது. அதில் 14-ஆம் நம்பர் ஊசி இருக்கும். ரெக்சினில் அது ஏறாது, முறியும். இவர் 18 போட்டுத் தைத்துவிட்டு அப்படியே எழுந்து போய்விடுவார். மறுநாள் அம்மா அதே ஊசியில் மெல்லிய துணியை ஓட்ட, தையல் போன வழியெல்லாம் ஓட்டை.

“ஏங்க, மாத்தத் தெரிஞ்சவருக்குத் திரும்ப மாத்தி வைக்கத் தெரியாதா?”

“காத்தோட்டமா இருக்கும்மா” என்பார், தலையைத் தூக்காமல்.

அதற்குப் பழிவாங்குவதற்காகவோ என்னவோ, ஒரு தடவை அவர் வெட்டுத்துணி கேட்டபோது அம்மா பழைய சாட்டின் பாவாடையை எடுத்துக் கொடுத்துவிட்டார். கவர் பளபளவென்று வந்தது. தெருமுனையில் ஆடு குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தார். சைக்கிள் நின்றது, அவர் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு பார் வரைக்கும் போய்த்தான் நின்றார். அன்றிலிருந்து துணி வாங்கும்போது உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறார். ஜவுளிக்கடைக்காரருக்கு அது எதற்கென்று இன்றுவரை புரியவில்லை.

சீட்டோடு நிறுத்தியிருந்தால் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது. பாருக்கு டிச் பட்டன் வைத்துக் கவர் வந்தது. டைனமோவுக்குத் தொப்பி வந்தது. மணிக்கும் ஒரு பஞ்சு வைத்த உறை வந்தது, அதன்பின் மணி “டொக்” என்று மட்டும் சொல்லியதால், எதிரே ஆள் வந்தால் “மணி! மணி!” என்று இவரே கத்திக்கொண்டு போனார். ஃபிரேமின் நடுவிலிருக்கும் முக்கோணத்துக்கு அரிசிப் பையை வெட்டிப் பை தைத்தார். குடை, பஞ்சர் சாமான், சாப்பாட்டு டப்பா மூன்றும் அடங்க வேண்டும் என்று அகலமாக வைத்துவிட்டார். பை அடங்கியது, முழங்கால் அடங்கவில்லை. இரண்டு கால்களையும் அகட்டி மிதித்துக்கொண்டு வந்தவருக்கு லாரிக்காரர்களே வழிவிட்டார்கள்.

ஆயுத பூஜை வந்தால் ஊரில் சைக்கிளைக் கழுவிப் பொட்டு வைப்பார்கள். கவர் சார் வீட்டில் அன்று சைக்கிளுக்குப் புதுத்துணி. ஆனால் சந்தனம் துணியில் பட்டால் கறை போகாது. அதனால் புதுக் கவருக்கு மேல் ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பையை இழுத்துக் கட்டி, பொட்டு அந்தப் பிளாஸ்டிக்குக்கு. பூஜை முடிந்தாலும் பிளாஸ்டிக் கழற்றப்படுவதில்லை. ஆக, சீட்டைத் துணி காக்கிறது, துணியைப் பிளாஸ்டிக் காக்கிறது. பிளாஸ்டிக் கிழிந்துவிடக் கூடாதே என்று அவர் பெரும்பாலும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மார்க்கெட்டுக்குப் போகிறார்.

இவரால் ஊருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று நான்கூட நினைத்திருந்தேன், பிளஸ் ஒன் பெண்களுக்கு அரசு சைக்கிள் வரும்வரை. 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் வந்த திட்டம். நல்ல வண்டிதான். ஒரே சிக்கல், ஷெட்டில் நிற்கும் அத்தனையும் ஒரே நிறம், ஒரே அச்சு. சாயங்காலம் மணி அடித்ததும் ஒவ்வொரு பூட்டாகச் சாவியை விட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அடுத்த வீட்டுப் பெண் வந்து புலம்பியதும், கவர் சார் கோ-ஆப்டெக்ஸ் தள்ளுபடியில் எடுத்திருந்த சிவப்புக் கட்டம் போட்ட போர்வையை வெட்டி ஒரு கவர் தைத்துக் கொடுத்தார். ஷெட்டின் வாசலிலிருந்தே தெரிந்தது. மறுநாள் அவள் தோழிகள் வந்தார்கள். அவர்களின் தோழிகளும் வந்தார்கள். போர்வை வீணாகக் கூடாது என்று கணக்குப் போட்டு வெட்டியதில் மொத்தம் பதினெட்டுச் சீட் தேறியது. வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக அவர் மிஷின் மிதித்ததில்லை. 18-ஆம் நம்பர் ஊசிகூட அம்மாவே வாங்கிக் கொடுத்ததுதான்.

அந்த வாரமே கும்பலாகத் திரும்பி வந்தார்கள்.

“தாத்தா, இப்பவும் யாரோடது எதுன்னு தெரியலை. பதினெட்டும் சிவப்புக் கட்டம்.”

வேறு யாராக இருந்தாலும் முகம் சுண்டியிருக்கும். இவருக்குக் கண் மின்னியது. காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.

“பின்பக்கம் பேரோட முதல் எழுத்தைப் பூவேலையில போட்டுடலாம். ஒவ்வொருத்தரா சொல்லுங்க.”

“பிரியா.”

“பிரியதர்ஷினி.”

“பிரியங்கா.”

“நானும் பிரியாதான் தாத்தா.”

“பரவாயில்லை. முழுப் பேரையும் போட்டு இனிஷியலும் சேர்த்துக்கலாம். அப்பா பேர்?”

“கண்ணன்.”

“எங்கப்பா குமார். எனக்கும் கே. பிரியாதான்.”

கவர் சார் கொஞ்ச நேரம் யோசித்தார். புதுத் தாள் ஒன்றை எடுத்து நெடுக்காக மடித்தார்.

“ரோல் நம்பரைச் சொல்லுங்கம்மா.”